தேடுவோர் கண்ணிற்படும் வலைத்தளம்

மரக்காணம் கடற்கரைப் பட்டாதாரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிக்கவேண்டியவை

பண்டத்தை நன்கு விளைவித்தால் மட்டும் போதாது. அது இன்ன இடத்தில் கிடைக்கும் என்பதை வேண்டுவோர் அறியும்படி செய்தலும் வேண்டும். இவ்வுண்மையைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. முன்னாளில் இக்காரியத்தைச் சந்தையும் மண்டியும் தரகரும் செய்துவந்தனர். அவர்கள் இன்றும் இருக்கின்றனர். ஆயினும் வாங்குவோரிற் பலர், தரகரிடம் செல்வதற்கு முன்னரே கைப்பேசியை எடுத்துத் தமக்கு வேண்டிய பண்டத்தின் பெயரைத் தேடுபொறியில் எழுதிப் பார்க்கின்றனர். அங்கே எவர் பெயர் கண்ணிற்படுகின்றதோ அவருக்கே முதற் கடிதமும் முதற் பேச்சும் போய்ச் சேருகின்றன.

விழுப்புரம் ஜில்லாவின் கடற்கரையில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையேயுள்ள கிழக்குக் கடற்கரைச் சாலையின்மேல் மரக்காணம் அமைந்துள்ளது. இவ்வூரைச் சூழ்ந்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அவற்றிற்கு அப்பால் நிலக்கடலையும் நெல்லும் தர்ப்பூசணியும் சவுக்கும் பயிராகின்றன. இங்கு வாரும் உப்பிற்கு வெளியூர்களிற் கிராக்கி உண்டு. இப்பகுதியில் உப்பளமோ நிலமோ உடையவர் சிலர் சொந்தமாக வலைத்தளம் அமைத்துள்ளனர். மற்றுஞ் சிலர் அமைக்க எண்ணியுள்ளனர். பணஞ் செலவிட்டு அமைத்த தளத்தை ஓராண்டு கழிந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதே அமைத்தவர் சொல்லும் பொதுவான குறை. அந்நிலையில், “இத்தனை ஆயிரம் கொடுங்கள், உங்கள் தளத்தை முதலிடத்திற் கொண்டுவந்து நிறுத்துகிறோம்” என்று தொலைபேசியில் ஒரு குரல் ஆசை காட்டுகிறது. இவ்விரண்டாம் நஷ்டத்திலிருந்து தப்பவும், முதல் நஷ்டத்தைச் சரிசெய்து கொள்ளவும் வேண்டிய அடிப்படை விஷயங்களை இக்கட்டுரையிற் கூறுவோம். இவ்வேலைக்கு எஸ்.இ.ஓ. என்றும், தேடுபொறி உகப்பாக்கம் என்றும் பெயர் வழங்குகின்றது. பெயர் பெரிதேயாயினும், ஆரம்ப வேலைகள் யாவும் எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியவையே.

தேடுபொறி வேலை செய்யும் விதம்

ஒரு சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று கேட்டால், கிராம நிர்வாக அலுவலர் அந்த நிமிஷத்தில் வயலுக்கு ஓடுவதில்லை. முன்னரே சுற்றிப் பார்த்து எழுதிவைத்த அடங்கலைப் புரட்டி விடை சொல்லுகிறார். தேடுபொறியும் அவ்விதமே. நாம் ஒரு சொல்லை எழுதியவுடன் அது உலகத்திலுள்ள தளங்களையெல்லாம் தேடி ஓடுவதில்லை. அதனுடைய இயந்திரங்கள் இரவு பகலாக ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்கு இணைப்புகளின் வழியே சென்று, கண்டவற்றைப் படித்துப் பெரியதோர் பதிவேட்டிற் குறித்து வைக்கின்றன. நாம் கேட்கும்போது அப்பதிவேட்டிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறது.

ஆகவே இதில் மூன்று படிகள் உள. முதலாவது, இயந்திரம் நம் பக்கத்திற்கு வந்து சேர்தல். இரண்டாவது, படித்ததைப் பதிவேட்டிற் சேர்த்தல். மூன்றாவது, கேட்பவருக்கு எது மிகவும் பயன்படும் என்று வரிசைப்படுத்தல். 1998ஆம் ஆண்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் அமெரிக்காவில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். எப்பக்கத்தைப் பிற பக்கங்கள் மிகுதியாகச் சுட்டிக்காட்டுகின்றனவோ அதற்கு மதிப்பு அதிகம் என்ற முறையை அவர்கள் கையாண்டனர். இக்காலத்தில் அதனுடன் வேறு பல குறிப்புகளையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். ஆயினும் கேட்பவருக்குப் பயன்படும் விடையைத் தருதல் என்ற நோக்கம் மாறவில்லை. இந்நோக்கத்தை மறவாதிருந்தால் பின்வரும் விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

முதலாவது பரீட்சை

தளம் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று முதற்கண் அறிதல் வேண்டும். பதிவாகாத தளத்திற்கு வேறெந்தச் சிகிச்சை செய்தும் பயனில்லை. கூகுள் தேடுமிடத்தில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்னும் சொல்லையும் அதையடுத்து முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் தங்கள் தளத்தின் முகவரியை எழுதிப் பார்க்கலாம். பக்கங்கள் தோன்றினால் பதிவாகியுள்ளன என்று கொள்ளலாம். ஒன்றும் தோன்றாவிடில், தளத்தை அமைத்துக் கொடுத்தவர் வேலை நடக்கும்பொழுது தேடுபொறிகளுக்குக் கதவை அடைத்து வைத்துப் பின்னர்த் திறக்க மறந்திருக்கக்கூடும். இது அடிக்கடி நேரும் பிழை. தளத்தின் அமைப்புப் பகுதியில் தேடுபொறிகளைத் தடுக்கும் குறி இடப்பட்டிருந்தால் அதை நீக்கிவிட வேண்டும்.

இதைக் காட்டிலும் திட்டமான வழி ஒன்றுண்டு. கூகுள் சர்ச் கன்சோல் என்னும் சேவையைக் கட்டணமின்றிப் பெறலாம். தளம் தம்முடையதே என்று அதில் மெய்ப்பித்துக் காட்டிவிட்டால், எப்பக்கங்கள் பதிவாகியுள்ளன, எவை விடுபட்டன, எக்காரணத்தால் விடுபட்டன என்பவற்றை அது தெரிவிக்கும். தளத்திலுள்ள பக்கங்களின் ஜாபிதாவை, சைட்மேப் என்னும் வடிவில், அதன் வாயிலாகவே சமர்ப்பிக்கலாம். தளம் எவர் பெயரில் பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதையும் இச்சமயத்திலேயே பார்த்துக்கொள்ளுதல் நலம். அமைத்துக் கொடுத்தவர் பெயரில் இருப்பின், பிறர் பட்டாவில் தாம் கிணறு வெட்டியது போலாகும்.

வாங்குவோர் வழங்கும் சொற்கள்

விற்பவர் சொல் ஒன்று, வாங்குபவர் சொல் வேறொன்று என்பதே பெரும்பாலான தளங்கள் கண்ணிற்படாமைக்குக் காரணம். உப்பளக்காரர் தம் பக்கத்தில் “உயர்தர உப்பு உற்பத்தியாளர்” என்று எழுதி வைக்கிறார். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ தோல் மண்டி வைத்திருப்பவர் அவ்வாறு தேடுவதில்லை. “தோல் பதனிட உப்பு” என்று தேடுகிறார். திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் சாயத்திற்கு வேண்டிய உப்பைத் தேடுகிறார். கடற்கரையிலுள்ளவர் கருவாட்டிற்கு வேண்டிய உப்பைத் தேடுகிறார். வீட்டிலிருப்போர் “கல் உப்பு” என்று எழுதுகின்றனர். பண்டம் ஒன்றேயாயினும் வாயில்கள் பல. ஆகையால் வாடிக்கைக்காரர்களிற் பத்துப் பேரை விசாரித்து, அவர்கள் வாயில் வரும் சொற்களை அப்படியே ஒரு தாளிற் குறித்துக்கொள்வது நலம். செலவில்லாததும் மிகப் பயன்படுவதுமான ஆராய்ச்சி இதுவே.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். மரக்காணம் என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒருவர் ‘க்’ என்பதற்கு இரண்டு எழுத்திட்டும், மற்றொருவர் ஓரெழுத்திட்டும் எழுதுகின்றனர். தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதித் தேடுவோரும் உளர். தேடுபொறி இவ்வேறுபாடுகளிற் பலவற்றைத் தானே புரிந்துகொள்ளும். எனினும், தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் தனித்தனியே வைத்து, ஆங்கிலப் பக்கத்தில் வழக்கமான எழுத்துக் கோவையைக் கையாள்வது உசிதம். பயிரின் ரகத்தையும் குறிப்பிடல் வேண்டும். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்னும் எழுத்துக்களால் அறியப்படுகின்றன. விவரமறிந்த வியாபாரி “நிலக்கடலை” என்று மட்டும் தேடாமல், ரகத்தின் பெயரோடு சேர்த்தே தேடுவார்.

அதற்காக ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் ஐம்பது தடவை எழுதுதல் கூடாது. படிப்பவருக்கு அது அருவருப்பு. தேடுபொறியும் அதை ஏமாற்று வித்தையாகவே கருதுகின்றது. பக்கத்தின் மறைவான பகுதியில் சொற்களை வரிசையாக அடுக்கும் பழைய பழக்கமும் பயனற்றது. அவ்வரிசையைத் தரவரிசைக்குக் கணக்கிற் கொள்வதில்லை என்று கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கூலி கேட்போர் இருப்பின், அவர் தொழிலறியாதவர் என்று கொள்க.

தலைப்பும் சுருக்கமும்

ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு தலைப்பு உண்டு. தேடியவர் காணும் ஜாபிதாவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுவே. பல தளங்களில் இத்தலைப்பு “முகப்பு” என்றோ “நல்வரவு” என்றோ இருக்கக் காண்கிறோம். மூட்டையின்மேல் “மூட்டை” என்று எழுதி ஒட்டுவதற்கும் இதற்கும் பேதமில்லை. “மரக்காணம் கல் உப்பு – தோல் பதனிடுவோருக்கு மொத்த விற்பனை” என்று எழுதினால், என்ன பண்டம், எவ்வூர், எவருக்கு என்ற மூன்றும் ஒரே வரியில் விளங்கும். தலைப்பு சுருக்கமாயிருத்தல் வேண்டும். நீண்டால் கைப்பேசியில் வால் அறுபட்டுத் தோன்றும். ஒவ்வொரு பக்கத்திற்கும் வெவ்வேறு தலைப்பு இடுதலும் அவசியம்.

தலைப்பின் கீழே இரண்டு வரிச் சுருக்கம் தோன்றும். இதை நாம் எழுதி வைக்கலாம். தேடுபொறி சில வேளைகளில் அதை விடுத்துப் பக்கத்திலிருந்தே வேறு வரிகளை எடுத்துக் காட்டுவதுமுண்டு. இச்சுருக்கம் வரிசையை உயர்த்தாது. ஆயினும் பார்த்தவர் உள்ளே வருவதும் வராததும் பெரும்பாலும் இதனைப் பொறுத்தது. இருப்பு எவ்வளவு, மூட்டை எத்தனை கிலோ, லாரி எங்கே நிறுத்தி ஏற்றலாம் என்பவற்றை இதிற் சொன்னால் அனுகூலம்.

பக்கத்தில் எழுதவேண்டியவை

வாங்குவோர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை கூறும் பக்கமே நல்ல பக்கம். உப்பை உதாரணமாகக் கொள்வோம். உப்பு நீரின் திடம் போமே அளவில் சுமார் 25 பாகையை எட்டும்பொழுது உப்புப் படியத் தொடங்குகிறது. சுமார் 29 பாகையைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் மிகுந்து, உப்பு கசப்படைந்து ஈரத்தை இழுக்கும். கடைநீரைத் தக்க தருணத்தில் வெளியேற்றி வாரிய உப்பு இது என்று உண்மையாக எழுதக்கூடியவர், “உயர்தரம்” என்று நூறு முறை எழுதியவரினும் மேலானவர். அதனுடன் ஆய்வகப் பரிசோதனை முடிவைத் தேதியோடு வெளியிட்டால் தூரத்திலுள்ள வியாபாரிக்கும் நம்பிக்கை உண்டாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அயோடின் கலவாத உப்பை மனிதர் நேரடியாக உண்பதற்கென விற்பது 2006ஆம் ஆண்டு மே மாதத்தில் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் அத்தடை இடம்பெற்றது. ஆகையால், தேடுவோர் மிகுதி என்ற ஆசையால் தோல் மண்டிக்குப் போகும் உப்பைச் சமையல் உப்பென்று பக்கத்தில் எழுதலாகாது. அவ்வாறு எழுதி முதலிடம் பெற்றாலும், பெற்றது வியாபாரமன்று, வழக்கு.

காலத்தையும் குறிப்பிடுதல் வேண்டும். உப்பு வாருதல் கோடை முழுதும் நடந்து, வடகிழக்குப் பருவ மழையில் நின்றுவிடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் போன்றவை வந்தால் பாத்திகளைத் திருத்தி மறுபடி தொடங்கக் காலம் பிடிக்கும். அச்சமயங்களில் இருப்பு உண்டா, எப்பொழுது கிடைக்கும் என்று தேதியிட்டு மாற்றி எழுதிவருவோரை வாங்குபவர் நம்புவர். மூன்றாண்டுக்கு முந்தைய விலையைத் தாங்கி நிற்கும் பக்கம், பூட்டிய கடையை ஒக்கும்.

பிறர் எழுதியதை அப்படியே எடுத்துப் போடுவதாற் பயனில்லை. இயந்திரத்தைக் கொண்டு சாரமற்ற பக்கங்களை நூற்றுக்கணக்கில் உண்டாக்கி நிரப்புவதையும், 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியிட்ட விதிகளில் கூகுள் நிறுவனம் முறைகேடென்று கூறியுள்ளது. பாத்தியருகே நின்று தாம் அறிந்ததை ஐந்து பக்கம் எழுதினாற் போதும்.

எழுத்தும் படமும் வேகமும்

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு குறை உண்டு. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், பார்ப்பதற்குத் தமிழாயினும் இயந்திரத்திற்கு ஆங்கில எழுத்துக்களின் குழப்பமாகவே படும். யூனிகோடு முறையில் அடித்த எழுத்தையே தேடுபொறி தமிழென்று அறியும். தமிழ்நாடு அரசும் 2010ஆம் ஆண்டில் அம்முறையை ஏற்றுக்கொண்டது. அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தயாரித்த விளம்பரத்தைத் தளத்தில் இடுமுன் யூனிகோடிற்கு மாற்றுதல் இன்றியமையாதது.

விலைப்பட்டியலைப் புகைப்படமாக ஒட்டுவதும் பொதுவான பிழை. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரிவரப் படிக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது. விலையையும் முகவரியையும் எழுத்தாகவே இடுக. படங்களுக்கு அவை இன்னவை என்று சொல்லும் மாற்று வாசகமும் எழுதுக. “மரக்காணம் உப்பளத்தில் குவித்த கல் உப்பு” என்பது போல ஒரு வரி போதும். பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவிகளுக்கும் அது உதவும்.

தேடுபொறியின் இயந்திரம் இப்பொழுது தளத்தின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாகப் படிக்கின்றது. கூகுள் நிறுவனம் இம்மாற்றத்தை 2016ஆம் ஆண்டில் அறிவித்து 2023ஆம் ஆண்டில் நிறைவேற்றியது. ஆகையால் தம் தளத்தை வீட்டுக் கணினியில் மட்டும் பார்த்துத் திருப்தியடையாமல், சிக்னல் குறைந்த இடத்தில் நின்று கைப்பேசியிற் திறந்து பார்க்கவேண்டும். பெரிய படங்களைச் சிறிதாக்கினால் பக்கம் விரைவில் திறக்கும்.

பிறர் தரும் சிபாரிசும் வரைபடமும்

மதிப்புள்ள பிற தளம் நம் தளத்தைச் சுட்டிக்காட்டுவது, ஊர்ப் பெரியவர் ஒருவர் நம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வது போலாம். உற்பத்தியாளர் சங்கம், கூட்டுறவு ஸ்தாபனம், வாடிக்கைக்காரரின் தளம், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றில் நம் முகவரி இடம்பெறக் கேட்கலாம். மரக்காணத்தை அடுத்த கழுவேலி ஈரநிலம் 2021ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் ராம்சார் ஜாபிதாவிற் சேர்ந்தது. அதைக் காண வருவோர் இப்பகுதியைப் பற்றித் தேடுகின்றனர். உப்பளத்தில் வேலை நடக்கும் விதத்தைத் தெளிவாக விளக்கும் பக்கம் இருப்பின், பயணக் கட்டுரை எழுதுவோர் தாமாகவே அதைச் சுட்டுவர். ஆனால் சிபாரிசை விலைக்கு வாங்குதல் கூடாது. விலைக்கு வாங்கிய இணைப்புகள் தேடுபொறியின் விதிகளுக்கு மாறானவை. அகப்பட்டால் உள்ள இடமும் போகும்.

வாடிக்கைக்காரர் நேரில் வந்து செல்லும் கிடங்கோ கடையோ உள்ளவர், கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்னும் இலவசப் பதிவில் பெயர், முகவரி, தொலைபேசி, வேலை நேரம் ஆகியவற்றை எழுதிவைக்கலாம். அவை வரைபடத்தில் தோன்றும். தளத்தில் ஒரு முகவரியும் வரைபடத்தில் வேறொரு முகவரியும் இருத்தலாகாது. பொய்யான பாராட்டுரைகளைக் காசு கொடுத்து எழுதுவித்தலும் விலக்கத்தக்கது.

முதலிடம் விற்பனைக்கில்லை

தொலைபேசியில் ஆசை காட்டுவோரைப் பற்றி ஆரம்பத்திற் கூறினோம். முதலிடத்திற்கு எவரும் உத்தரவாதம் தர இயலாது என்றும், சாதாரண வரிசையில் உயர்த்துவதற்குத் தான் பணம் பெறுவதில்லை என்றும் கூகுள் நிறுவனமே தெரிவித்துள்ளது. பணம் பெற்று மேலே காட்டப்படுவது விளம்பரம். அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு தோன்றும். பணம் நின்றால் அதுவும் நிற்கும். அறுவடைக்கு முன் கையிலுள்ள சரக்கை விரைந்து விற்கச் சில நாள் விளம்பரம் செய்வது தவறன்று. அதனை நிரந்தர வரிசையென்று சொல்லிப் பணம் வாங்குவதே வஞ்சகம்.

நேர்மையான தொழிலாளரும் உளர். அவர் என்ன மாற்றம் செய்யப்போகிறார், ஏன் செய்யப்போகிறார் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறலாம். கடவுச்சொற்களைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை செல்லும் என்பது அந்நிறுவனமே கூறும் கணக்கு. பத்து நாளிற் பலன் என்பவர், நாற்று நட்ட மறுவாரம் அறுவடை என்பவரே.

கிராம அதிகாரிகளுக்கு

ஊராட்சியின் அறிவிப்புகளையும் இவ்விதிகளின்படியே வெளியிடல் நலம். கையெழுத்திட்ட காகிதத்தைப் படமெடுத்து ஏற்றினால் அதைத் தேடி எவரும் காண இயலாது. ஊர்ப் பெயர், விஷயம், தேதி மூன்றையும் தலைப்பில் எழுத்தாக இட்டு, காகிதத்தின் நகலை அதன்கீழ் இணைக்கலாம். மேலும், பட்டா சிட்டா போன்றவற்றைத் தேடும் குடிகள் மேலே தோன்றும் விளம்பரத்தை அரசுத் தளமென்று மயங்கி இடைத்தரகருக்குப் பணம் கட்டிவிடுதல் கூடும். அரசுத் தளத்தின் முகவரி ஆங்கிலத்தில் ‘கவ்’, ‘இன்’ என்னும் பகுதிகளோடு முடிவதைப் பார்த்தபின்னரே விவரம் தருமாறு அவர்களுக்குச் சொல்லிவைப்பது பெரிய உபகாரம்.

பலனை அளத்தல்

மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து, எச்சொற்களைத் தேடியவருக்கு நம் பக்கம் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்று பார்க்கவேண்டும். சென்ற பதினாறு மாதக் கணக்கு அதில் இருக்கும். பலமுறை தோன்றியும் எவரும் வராவிடில் தலைப்பையும் சுருக்கத்தையும் திருத்துக. தோன்றவேயில்லையெனில் அச்சொல்லுக்குரிய விடை பக்கத்தில் இல்லை என்று உணர்க. இக்காலத்தில் சில கேள்விகளுக்குத் தேடுபொறி தானே சுருக்கமான விடையை மேலே தந்துவிடுகிறது. அதனால் வருவோர் தொகை குறைவதுமுண்டு. ஆகையால் வந்தவர் தொகையோடு, தொலைபேசியில் விசாரித்தவர் தொகையையும் நோட்டுப் புத்தகத்திற் குறித்து வருதல் நல்லது. வியாபாரமே கடைசி அளவுகோல்.

மழை நின்று பாத்தி திருத்தும் நாட்களில் இவ்வேலைகளைத் தொடங்கினால், உப்பு வாரும் காலத்திற்குள் பக்கங்கள் பதிவேறி நிற்கும். முதலில் பதிவைச் சோதித்தல், வாங்குவோர் சொல்லைக் கேட்டறிதல், தலைப்பைத் திருத்துதல், யூனிகோடு எழுத்தில் உண்மையான விவரத்தைத் தேதியோடு எழுதுதல், வரைபடத்திற் பதிதல் ஆகிய இவ்வைந்தையும் பிறருக்குக் காசு கொடாமலே செய்யலாம். அளத்தில் உப்பை வாரி வைத்தவர், அது இங்கே இருக்கிறது என்பதையும் தாமே தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டால், தொலைவிலுள்ள வியாபாரி நேராக அவரிடமே வந்து விலை பேசுவார்.